மூன்றாம் நம்பரின் தங்கச்சி

உட்காருங்க நானா, உட்காருங்க. பையை நான் மடியில் வைத்துக்கொள்கிறேன். கண்டியிலிருந்து மூன்று பேர் இந்த சீட்டைக் கேட்டாங்க. ஆள் வருது என்று சொல்லிவிட்டேன். கடைசியாகக் கேட்ட மனுசன் நம்பவில்லை. "எங்க மாமி பின்னால வாந்தி எடுத்துக்கிட்டிருக்காங்க, முடிஞ்சதும் இங்கதான் வந்து உட்காருவாங்க" என்றேன். சொல்லிவிட்டு, வாயை மூடிக்கொண்டே தொண்டைக்குள் ஒரு "உவ்வே" போட்டேன், பின் சீட்டிலிருந்து வருகிற மாதிரி. அந்தா நிற்கிறார் பாருங்க, டிரைவரை ஒட்டிக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி. அவர்தான்.

நல்லா வசதியாகச் சாய்ந்துகொள்ளுங்க. உங்களுக்கு ஒன்றரை சீட் வேண்டும், பார்த்தாலே தெரியுது. எனக்குப் பழக்கம்தான். எங்கள் வீட்டிலும் இந்த சைஸில் ஒன்று இருக்கு. அரை சீட்டில் கொழும்பு வரைக்கும் போக எனக்கு லைசென்ஸே கொடுக்கலாம்.

என் குரலைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தீங்க இல்லையா? எல்லாரும் பார்ப்பாங்க. பதினாறு வயசுப் பொம்பளைப் பிள்ளைக்கு லாரி டிரைவர் தொண்டை. போனை எடுத்து ஹலோ சொன்னால், "தம்பி, அம்மாகிட்ட குடுங்க" என்பாங்க. சின்னதில் அம்மா டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். அவர் மூக்காலேயே பேசுகிற டாக்டர். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "ஒங்ணும் இல்லைங்ம்மா, உள்ள ரெங்டு மூங்ணு ஆம்பளைங்க குடியிருக்காங்க, அவ்வளவுதாங்" என்றார். இரண்டு மூன்று இல்லை நானா. ஊரே குடியிருக்கு. எங்கள் பிரின்சிபல் இருக்கிறார், கோயில் ஐயர் இருக்கிறார், மீன் லாரிக்காரன் இருக்கிறான், இந்த பஸ் கொண்டக்டர்கூட கடுகண்ணாவை தாண்டும்போது உள்ளே வந்துவிட்டார். கேட்கிறீங்களா? "கொழும்ப-கொழும்ப-கொழும்ப-நெக்ஸ்ட்-கொழும்ப!"

பார்த்தீங்களா, கொண்டக்டரே திரும்பிப் பார்க்கிறார். தன் வாய் மூடியிருக்கா என்று தொட்டுப் பார்க்கிறார்.

எங்கே போகிறேன் என்றா? அம்மாவைக் கேட்டால் டியூசனுக்கு என்பாள். பாவம், அவளுக்கு அதுதான் தெரியும். உண்மையில் எங்கள் அண்ணனின் விசாரணைக்குப் போகிறேன். கோர்ட் இல்லை, பயப்படாதீங்க. ரக்பி சங்க ஆபீஸ். இன்றைக்குக் காலையில் மேசைக்குப் பின்னால் மூன்று பேர் உட்கார்ந்துகொண்டு, எங்கள் அண்ணன் இனி விளையாடலாமா வீட்டில் இருக்கலாமா என்று சொல்லப் போகிறாங்க. ஆறு மாதம் தடை என்றாலே அவன் கதை முடிந்தது. முப்பத்து மூன்று வயசு. தடை போட்டால் கிளப் அடுத்த வருஷத்துக்கு ஒப்பந்தம் போடாது. ஒப்பந்தம் இல்லை என்றால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. அப்பா போன பிறகு வீடு முழுக்க அவன் கழுத்தில்தான். நல்ல வேளை, கழுத்து பெரிசு.

அவன் இவன் என்கிறேன் என்று பார்க்காதீங்க. உங்களை நானா என்கிற மாதிரி, முன்னால் நின்றால் "அண்ணா, வாங்க, போங்க." பஸ்ஸில் அவன் இல்லைதானே.

ரக்பி தெரியுமா நானா உங்களுக்கு? தலையை ஆட்டுறீங்க. கொஞ்சமா? கொஞ்சம் தெரிந்தவருக்கு நிறையச் சொல்லித் தருவேன், கேட்டுக்கொள்ளுங்க.

பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன்களை டிவியில் பார்த்திருப்பீங்க. தலைமுடிக்கு ஜெல் போட்டிருப்பான்கள். அவன்களை விடுங்க. எங்கள் அண்ணன் ப்ரொப். சாய்கிற சுவருக்கு மரக்கட்டையை முட்டுக் கொடுப்போம் இல்லையா, அந்தக் கட்டைதான் அவன். ஸ்க்ரம் என்று ஒன்று வரும். இந்தப் பக்கம் எட்டுப் பேர், அந்தப் பக்கம் எட்டுப் பேர், தலையைத் தாழ்த்திக் கிடா மாதிரி முட்டிக்கொண்டு தள்ளுவாங்க. முன் வரிசையில் மூன்று மூன்று பேர். அதில் இரண்டு ஓரத்திலும் நிற்கிறவன் ப்ரொப். அண்ணன் முதுகில் மூன்றாம் நம்பர். எதிர்ப் பக்கத்து ஒன்றாம் நம்பர் அவனுக்கு நேரே வருவான். பின்னால் இருந்து பத்து மூட்டை மா கனம் தள்ளும், முன்னால் இருந்து பத்து மூட்டை தள்ளும், நடுவில் எங்கள் அண்ணன் கழுத்து. அதுதான் வேலை. அதற்குத்தான் சம்பளம்.

மா மூட்டை என்றதும் ஞாபகம் வருது. அவன் ரக்பிக்கு வந்ததே பாண் வேனாலேதான். பதினெட்டு வயசில் பேக்கரியில் வேலை. ஒரு நாள் ஹந்தானை ஏற்றத்தில் வேன் நின்றுபோச்சு. உள்ளே பாண் ரொட்டி, மீன் வைத்த மாலுபாண், எல்லாம் நிரம்பி இருக்கு. இவன் இறங்கிப் பின்னால் முதுகைக் கொடுத்தான். வேன் ஏறிவிட்டது நானா, இஞ்சின் இல்லாமலே. எதிரே ஜீப்பில் வந்தவர் ஏக்கநாயக்க சேர். ஹந்தானை கிளப்புக்கு கோச். இறங்கி வந்து இவன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாராம், பலாப்பழம் வாங்குகிறவர் தட்டிப் பார்க்கிற மாதிரி. அவர் தமிழைக் கேளுங்க, தம்பி என்கிறதுக்குச் சிங்களத்தில் மல்லி என்பார்: "மல்லி, நீ பாண் வேலை வேண்டாம். நீ என்கிட்ட வா. நான் சோறு தருவேன், முட்டை தருவேன், நீ சும்மா நில். உன்னை யாரும் தள்ள ஏலாது, அதுதான் வேலை."

"ம்" என்றானாம் அண்ணன்.

அவன் பேச்சே அவ்வளவுதான். "ம்". ஊரில் எல்லார் குரலும் எனக்கு வரும், அவன் குரல் மட்டும் வராது. பிடிக்கிறதுக்கு அங்கே ஒன்றும் இல்லை. சாப்பாடு போதுமா? ம். மேட்ச் வென்றீங்களா? ம். மூக்கு உடைந்திருக்கே? ம். இதை வைத்துக்கொண்டு நான் என்ன மிமிக்ரி செய்கிறது?

அன்றையிலிருந்து பதினைந்து வருஷம் நின்றுகொண்டே இருந்தான். கை விரல் மூன்று வேறு வேறு பக்கம் பார்க்கும். முட்டி முட்டி இரண்டு காதும் காலிஃப்ளவர். அம்மா கல்யாணத் தரகரைப் பிடித்தாள். அவர் வெற்றிலையை ஒரு கன்னத்தில் அடக்கிக்கொண்டு பேசுவார்: "பையன் தங்கம்மா. பொண்ணு வீட்டுல போட்டோ கேக்குறாங்க, காது நல்லா இருக்கிற பக்கமா ஒண்ணு எடுத்துக் குடுங்க." அண்ணன் ஸ்டூடியோவுக்குப் போனான். இடது பக்கம் திரும்பினான், வலது பக்கம் திரும்பினான். கடைசியில் ஸ்டூடியோக்காரர் தொப்பி போட்டு எடுத்தார். பெண் வீட்டில் என்ன சொன்னாங்க தெரியுமா? "மாப்பிள்ளை ஏன் கல்யாண போட்டோவுக்கு மழைத் தொப்பி போட்டிருக்கார், வழுக்கையா?"

சிரிக்கிறீங்க. உங்கள் காதும் அந்த மாதிரித்தான் இருக்கு. சைக்கிளில் விழுந்ததா? சரி, சரி, சைக்கிள்தான்.

பதினைந்து வருஷத்தில் ஒரே ஒரு ட்ரை போட்டிருக்கிறான். ட்ரை என்றால் கோட்டுக்கு அந்தப் பக்கம் பந்தை வைக்கிறது, கால்பந்தில் கோல் மாதிரி. அதுவும் எப்படி? ஒரு குவியலில் விழுந்தான், எல்லாரும் மேலே விழுந்தாங்க, எழும்பிப் பார்த்தால் பந்து இவன் வயிற்றுக்குக் கீழே. கோடும் வயிற்றுக்குக் கீழே. பப்பரே பேண்ட் வாசிக்குது, கூட்டம் ஆடுது, இவன் யார் ட்ரை போட்டது என்று சுற்றிச் சுற்றிப் பார்க்கிறான். நான் அப்போது சின்னப் பிள்ளை. ஆனால் அந்த மேட்சின் வர்ணனையாளர் குரல் இன்னும் என்னிடம் இருக்கு: "நேசன்! சிவநேசன்! மலை நகர்ந்துவிட்டது, ரசிகர்களே!"

சரி. இந்த சீசன் கதைக்கு வருகிறேன். கேகாலை வந்திட்டது, நேரம் இருக்கு.

சீசன் தொடங்கும்போதே கோச் திலங்க என்று ஒரு பையனைக் கொண்டு வந்துவிட்டார். இருபத்திரண்டு வயசு. காது இரண்டும் புத்தம் புதுசு. அவனும் மூன்றாம் நம்பர்தான். ஏக்கநாயக்க சேர் வீட்டுக்கே வந்து, தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு, "நேசா, நீ என் மகன் மாதிரி. ஆனா முழங்கால் கிழவன் மாதிரி. இந்த சீசன் பார்ப்போம்" என்றார். "பார்ப்போம்" என்றால் என்ன அர்த்தம் என்று அம்மாவுக்குக்கூட விளங்கிவிட்டது. இரவு முழுக்க மூக்கை உறிஞ்சினாள். அண்ணன் "ம்" என்றான்.

அப்போதுதான் நான் முடிவு எடுத்தேன். இவனை நம்பிப் பிரயோசனம் இல்லை, நானே இறங்க வேண்டியதுதான்.

ஸ்க்ரம் எப்படித் தொடங்கும் தெரியுமா நானா? ரெஃப்ரி மூன்று வார்த்தை சொல்லுவார். "க்ரவுச்" என்றால் எல்லாரும் குனிய வேண்டும். "பைண்ட்" என்றால் எதிராளியின் ஜெர்சியைப் பிடிக்க வேண்டும். "செட்" என்றால் மோத வேண்டும். "செட்"டுக்கு முன்னால் மோதினால் தப்பு, பந்து எதிர்க் கட்சிக்குப் போகும். இந்த சீசனில் எங்கள் மேட்ச் பாதிக்கு ரெஃப்ரி விமலசூரிய சேர். பானைக்குள் தலையை விட்டுப் பேசுகிற மாதிரி ஒரு குரல். "க்ர்ர்ரவுச்ச்." அப்புறம் "பைண்ட்ட்ட்." அப்புறம் ஒன்றும் சொல்ல மாட்டார். நிற்பார். அந்த இடைவெளியில் ஒரு ஆள் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றுவிட்டு வரலாம். பிறகுதான் "செட்!"

அந்த இடைவெளியைப் பார்த்ததும் எனக்கு வாய் ஊறியது, மாங்காயைப் பார்த்த மாதிரி.

ஏனென்றால், முன் வரிசையில் இருக்கிற பன்றிகள்... மன்னிச்சுக்கோங்க, முன் வரிசையில் இருக்கிற ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறாங்க. புல்லும் சப்பாத்துக் காலும்தான் கண்ணுக்குத் தெரியும். ரெஃப்ரியைப் பார்க்கவே முடியாது. காதால்தான் விளையாட்டு. யார் "செட்" சொன்னாலும் அது ரெஃப்ரிதான். உலகத்தில் வேறு எந்த வேலையிலும் இப்படி ஏமாறுகிறவங்க இல்லை நானா.

முதல் தடவை செய்தது வேலி ஓரத்தில் நின்றுகொண்டு. கையில் கடலை. விமலசூரிய சேர் "பைண்ட்ட்" என்றார். நான் வாயைக் கையால் பொத்திக்கொண்டு, வயிற்றிலிருந்து, "செட்!"

எதிர்க் கட்சி எட்டுப் பேரும் பாய்ந்தான்கள். விசில். தப்பு. பந்து எங்களுக்கு. விமலசூரிய சேர் சுற்றிப் பார்க்கிறார். நான் கடலை தின்கிறேன்.

இதில் ஒரு வேடிக்கை என்ன தெரியுமா? எங்கள் ஆட்கள் அசையவே இல்லை. ஒருத்தன்கூட. அவன்களுக்கும் அதே காதுதானே? நான் யோசித்துப் பார்த்தேன். சோம்பல்! கண்டிக்காரன்களுக்கு ரெஃப்ரி சொன்னாலும் உடனே எழும்பி ஓட வராது. அந்தச் சோம்பல் எங்களைக் காப்பாற்றியது. அவர் வந்த ஒவ்வொரு மேட்சிலும் அதே கதை. நான் "செட்" என்பேன், எதிரி பாய்வான், எங்கள் ஆட்கள் கல்லு மாதிரி நிற்பாங்க. பேப்பரில் எழுதினாங்க, "சிவநேசனின் நிதானம் ஸ்க்ரம்மை ஆளுகிறது" என்று. யாருடைய நிதானம்? எல்லாம் என் தொண்டை!

திலங்க பெஞ்சில் உட்கார்ந்து தண்ணி குடித்தே சீசனை ஓட்டினான்.

இடையில் அண்ணனுக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. திடீரென்று என் படிப்பில் அக்கறை. சனிக்கிழமை டியூசனில் சேர்த்துவிட்டான். மேட்ச் எல்லாம் சனிக்கிழமைதான், என்ன துரதிர்ஷ்டம் பாருங்க. டியூசன் சேர் குரலில் நானே வீட்டுக்குப் போன் போட்டேன்: "இன்று வகுப்பு பின்னேரம் வரைக்கும் நடக்கும், மாணவி வீட்டுக்கு வரப் பிந்தும்." அம்மா "நல்லது சேர்" என்றாள். பிறகு இன்னொன்று. மேட்சுக்குக் கிளம்பும்போது என் கையில் ஒரு பை இஞ்சி டொஃபி கொடுப்பான். பெரிய டொஃபி, வாய் நிறையும். "வாயில போட்டுக்க" என்பான். எத்தனை பாசம் பாருங்க! தொண்டைக்கு நல்லது என்று நினைத்திருப்பான். அதைத் தின்றுவிட்டுத்தான் கத்துவேன், இன்னும் கணீரென்று வரும்.

அவனுக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது நானா. அவ்வளவு பெரிய உடம்பு, உள்ளே அத்தனை அப்பாவி.

வரக்காபொல. இறங்கித் தேத்தண்ணி குடிக்கிறீங்களா? வேண்டாமா? அதுவும் சரி. கடைசி மேட்சைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

கடைசி மேட்ச் கொழும்பு டீமோடு. எங்கள் கிரவுண்டில்தான். கோச் அன்றைக்குக் காலையிலேயே அண்ணனைத் தோளில் தட்டி, "இன்னைக்கு நில் நேசா, அடுத்த வருஷம் பேப்பர் நான் கையெழுத்து" என்று சொல்லியிருக்கிறார். முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது நாங்கள் இரண்டு பாயிண்ட் முன்னால். எங்கள் கோட்டுக்குக் கிட்ட ஸ்க்ரம். பந்து அவங்களுக்கு. பப்பரே பேண்டும் நிறுத்திவிட்டது. நான் வேலியில் ஏறிவிட்டேன், டியூசன் பையோடு. எனக்குத் தெரிந்ததெல்லாம் கொழும்பு டீமின் ஒன்றாம் நம்பருடைய பின்பக்கம்தான். நல்ல அகலம். எங்கள் அண்ணனுக்கு நேரே வருகிறவன்.

"க்ர்ர்ரவுச்ச்."

"பைண்ட்ட்ட்."

நான் வாயிலிருந்த டொஃபியைத் துப்பினேன். "செட்!"

அதுவரைக்கும் செய்ததிலேயே அருமையான "செட்" அது. விமலசூரிய சேருடைய பெண்சாதியே ஏமாந்திருப்பா. அவன்கள் பாய்ந்தான்கள். எல்லாரும் இல்லை, பின்னால் இருந்தவன்கள் பாய்ந்தான்கள். முன்னால் ஏதோ சிக்கல். ஒன்றாம் நம்பருடைய பின்பக்கம் மேலே போச்சு, தலை கீழே போச்சு. சரி, தப்பு அவங்களுடையது, விசில் வரப்போகுது, வென்றோம் என்று நான் கையைத் தூக்கிவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து எங்கள் மலை என்ன செய்தது தெரியுமா? கையை நீட்டி அந்த ஒன்றாம் நம்பரின் ஜெர்சியைக் கொத்தாகப் பிடித்து, தன் பக்கம் இழுத்து, அவனுக்குக் கீழே தானே முழங்காலில் விழுந்து... எல்லாரும் மேலே விழுந்தாங்க! பதினைந்து வருஷம் விழாதவன். சும்மா நின்றிருந்தால் போதும். நில் என்றுதானே கோச் சொன்னார்? அதற்குத்தானே சோறும் முட்டையும்?

விசில் வந்தது. விமலசூரிய சேர் கண்ணுக்குப் பட்டது மூன்றாம் நம்பர் ஜெர்சியை இழுத்ததுதான். ஸ்க்ரம்மை வேண்டுமென்றே இடித்து விழுத்தினான் என்று மஞ்சள் அட்டை. கொழும்பு டீம் பெனால்டி உதைத்தது. மூன்று பாயிண்ட். ஒரு பாயிண்டால் தோற்றோம்.

அதோடு முடிந்திருந்தால் சரி. ஒரு வாரம் கழித்து கொழும்பு கிளப் சங்கத்துக்கு முறைப்பாடு கொடுத்துவிட்டது. "எங்கள் வீரரின் கழுத்துக்கு ஆபத்து விளைவிக்கும் வகையில்", அந்த மானேஜர் குரல் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை, ஆனால் இப்படித்தான் இருக்கும், கஞ்சி போட்ட சட்டை மாதிரி, "வேண்டுமென்றே கீழே இழுத்தார்." ஏக்கநாயக்க சேர் ஓடி வந்தார். "நேசா, என்ன நடந்தது, சொல், நான் அங்க பேச வேணும்." அண்ணன் சொன்னது: "கால் வழுக்கிச்சு, சேர்."

வழுக்கியதாம்! வெயில் காய்கிற கிரவுண்டில்! பொய் சொல்லத் தெரியாதவன் ஏன் பொய் சொல்ல வேண்டும் என்கிறேன். என்னிடம் கேட்டிருந்தால் நல்லதாக நாலு செய்து கொடுத்திருப்பேன். கோச் எவ்வளவோ கெஞ்சினார். "ம்." அம்மா அழுதாள். "ம்." நேற்று ராத்திரி சட்டைக்கு அயன் போட்டுக்கொண்டிருந்தான், கழுத்துப் பட்டன் எந்தச் சட்டையிலும் பூட்டுப்படாது, அதைப் பூட்டப் பார்த்துக்கொண்டே இருந்தான். எனக்கு அவன் மேல் அவ்வளவு கோபம் நானா. நான் தங்கத் தட்டில் வைத்துக் கொடுத்த மேட்சை இப்படிக் கவிழ்த்துவிட்டானே!

கஜுகம வந்திட்டது. அந்தா பாருங்க, ரோட்டோரத்தில் கஜு, முந்திரிப்பருப்பு விற்கிற அக்காமார். வாங்குவோமா? வேண்டாம், விடுங்க.

சரி நானா. நடிப்பைப் போதுமென்று நிறுத்திக்கொள்வோமா? எனக்கும் வாய் வலிக்குது.

உங்கள் பெயர் ஃபர்ஸான். மாவனல்லை. வாப்பாவுக்கு ஹார்ட்வெயார் கடை, போர்டில் போன் நம்பர் இருக்கு. முந்தாநாள் கடைக்கு ஒரு அழைப்பு வந்ததா? "குட் மார்னிங், சங்க ஆபீஸிலிருந்து மிஸிஸ் பெரேரா பேசுறேன், மிஸ்டர் ஃபர்ஸான் சாட்சிக்கு வரணும் இல்லையா, எந்த பஸ்ஸில வருவார், நாங்க டீ ஒழுங்கு பண்ணணும்" என்று? வாப்பா பாவம், பஸ் நம்பர் வரைக்கும் சொன்னார். டீக்குச் சீனி வேண்டாம் என்றும் சொன்னார். வாயை மூடுங்க நானா, ஈ போய்விடும். கண்டியிலிருந்து இந்த சீட்டை நான் யாருக்கு வைத்துக்கொண்டு வந்தேன் என்று நினைத்தீங்க?

பின்பக்கத்தை வைத்து அடையாளம் கண்டுபிடிக்கவில்லை, பயப்படாதீங்க. கிளப் குரூப் போட்டோ இருக்கு.

இப்போது கேளுங்க. அந்த மேசைக்கு முன்னால் உங்களைக் கேட்பாங்க, சிவநேசன் உங்களைக் கீழே இழுத்தாரா என்று. நீங்கள் "ஓம்" என்றால் எங்கள் அண்ணனுக்குப் பாண் வேன்தான். அதுவும் இப்போது முழங்கால் அதற்கும் போதாது. கால் வழுக்கித்தான் விழுந்தார் என்று ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்கள் குரலில் சொல்ல வெட்கம் என்றால் சும்மா வாயை அசையுங்க, நான் பின்னால் நின்று பேசுகிறேன். விளையாட்டு இல்லை நானா. உண்மையாகத்தான் கேட்கிறேன்.

என்ன?

பஸ் சத்தத்தில் கேட்கவில்லை. உங்களுக்கு ஏன் இவ்வளவு சின்னக் குரல், இந்த உடம்புக்கு? வழுக்கவில்லையா? வழுக்கவில்லை என்று எனக்கும் தெரியும், அதைத்தானே இவ்வளவு நேரம்...

உள்ளே பேசினானா? எங்கள் அண்ணனா? ஸ்க்ரம்முக்குள்ளேயா? நீங்கள் வேறு யாரையோ சொல்றீங்க. எங்கள் அண்ணன் கல்யாண வீட்டிலேயே பேச மாட்டான்.

மறுபடி சொல்லுங்க.

"அது ரெஃப்ரி இல்லை தம்பி. என் தங்கச்சி. தள்ளாதே."

...

அப்போ டொஃபி?

இல்லை, ஒன்றும் இல்லை. நீங்கள் சொல்லுங்க. சொல்லுங்க நானா, நான் பேசவில்லை.

ம்.

ம்.

உங்களுக்குக் கேட்டது, உங்களுக்குப் பின்னால் இருந்தவன்களுக்குக் கேட்கவில்லை. அவன்கள் தள்ளிவிட்டான்கள். நீங்கள் நின்றீங்க, முதுகு மட்டும் முன்னால் வந்தது. கையால் காட்ட வேண்டாம், விளங்குது. கழுத்து இப்படி மடங்கிவிட்டதா? இவ்வளவுக்கா? போதும், காட்டாதீங்க. அப்போதுதான் அவன் ஜெர்சியைப் பிடித்து மேலே... கீழே இழுக்கவில்லை, மேலே. கழுத்து முறியாமல் உங்களைத் தன் முதுகில் ஏந்திக்கொண்டான்.

பிறகு ஏன் நீங்கள் உங்கள் மானேஜரிடம் சொல்லவில்லை? சொன்னீங்களா? என்ன சொன்னார்? "தங்கச்சியா? அது ஆம்பளைக் குரல்! தலையில் அடிபட்டு உளறுகிறாய்"... இப்படியா? கொஞ்சம் மூக்காலும் பேசுவாரா? சரி, அதையும் எடுத்துக்கொள்கிறேன். நீங்களும் நம்பவில்லைதானே? தங்கச்சி என்றால் கீச்சுக் குரலில், இரட்டைப் பின்னலோடு ஒன்று இருக்கும் என்று நினைத்திருப்பீங்க. பின்னல் இரண்டும் இருக்கு, பாருங்க. குரல்தான் மாறிவிட்டது.

இன்றைக்கு உள்ளதைச் சொல்லப் போறீங்களா? சொல்லுங்க. ஆனால் உங்களையும் உளறுகிறான் என்றுதானே சொல்லுவாங்க.

நான் வரணுமா? உள்ளேயா? அந்த மூன்று பேர் முன்னாலா? விமலசூரிய சேரும் இருப்பாரா? அவர் முன்னாலேயே அவர் குரலைப் போடணுமா!

மைக் இருக்குமா நானா?

வாழ்நாள் முழுக்கக் கிரவுண்டுப் பக்கம் வரக்கூடாது என்று எழுதி வாங்குவாங்க. வாங்கட்டும். எங்கள் கிரவுண்டுக்குப் பக்கத்தில் ரோடு இருக்கு, ரோட்டில் நின்றாலும்... இல்லை. இல்லை, ரோட்டிலிருந்தும் கத்த மாட்டேன். அப்படிப் பார்க்காதீங்க. உங்கள் கழுத்தைப் பார்த்துவிட்டுத்தானே சொல்கிறேன்.

அம்மாவிடம் என்ன சொல்கிறது என்றுதான் தெரியவில்லை. அதை டியூசன் சேர் குரலில் சொல்லிக்கொள்ளலாம்.

களனிப் பாலம் வந்திட்டது. இறங்குகிறதுக்கு முன்னால் ஒன்று சரி பார்க்க வேண்டும். அதை அவன் எப்படிச் சொன்னான்? எனக்கு அவன் குரலே கிடையாது, இதுதான் முதல் தடவை கையில் கிடைக்குது. இப்படியா? "அது ரெஃப்ரி இல்லை தம்பி." தடிப்பு அதிகமா? சரி. "அது ரெஃப்ரி இல்லை தம்பி. என் தங்கச்சி." இன்னும் மெதுவாகவா? "என் தங்கச்சி."

இன்னும் சரி இல்லையா? எங்கே பிழை? கோபம் போதாதா? மேட்ச் போகப்போகுது, ஒப்பந்தம் போகப்போகுது, கொல்லுகிற கோபம் வந்திருக்குமே.

கோபம் இல்லையா?

சிரித்தானா?

பொய். எங்கள் அண்ணன் சிரிக்க மாட்டான். நான் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. தலையைக் குனிந்துகொண்டு, புல்லைப் பார்த்துக்கொண்டு, "என் தங்கச்சி" என்று சொல்லும்போது சிரித்தானா? சத்தியமாகவா? வல்லாஹியா?

எப்படி? ஹா ஹாவா, ஹீ ஹீயா? மூக்காலா? செய்து காட்டுங்க. என்னால் ஏலாது நானா, கேட்டால்தானே எனக்கு வரும். நீங்கள்தான் கேட்டிருக்கீங்க. வெட்கப்படாதீங்க, பஸ்ஸில் யாரும் பார்க்கவில்லை. கொண்டக்டர் பார்க்கிறார், அவர் கிடக்கிறார்.

...

இவ்வளவுதானா?

ஸ்டாண்டுக்குள் திரும்புது, எல்லாரும் எழும்பிவிட்டாங்க. நீங்கள் எழும்பாதீங்க. இன்னொரு தடவை செய்யுங்க. நான் கண்ணை மூடிக்கொள்கிறேன்.